இல்லாத இரண்டு பட்டாலியன்கள்: அமெரிக்க உள்நாட்டுப் போரைச் சொல்லிக்கொடுப்பது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2010 அக்டோபரில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு தாய், நான்காம் வகுப்பு படிக்கும் தன் மகளின் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். வர்ஜீனியாவின் வரலாறு பற்றிய பாடநூல் அது. 1861-லிருந்து 1865 வரை, நாட்டைவிட்டுப் பிரிந்த தென்மாநிலங்களுக்கும் வடக்குக்கும் நடந்த உள்நாட்டுப் போர் பற்றிய பகுதியில் ஒரு வரி அவர் கண்ணில் பட்டது. ஆயிரக்கணக்கான கருப்பினத்தவர் தெற்கின் அணியில் நின்று போரிட்டார்கள், ஸ்டோன்வால் ஜாக்சன் என்ற தளபதியின் கீழ் மட்டும் இரண்டு கருப்பினப் பட்டாலியன்கள் இருந்தன என்றது அந்த வரி.

அந்தத் தாயின் பெயர் கேரல் ஷெரிஃப். அதே மாநிலத்தில் உள்ள வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர். உள்நாட்டுப் போர்தான் அவருடைய துறை. வேறு யார் வீட்டுக்குப் போயிருந்தாலும் அந்த வரி யார் கண்ணிலும் படாமலே போயிருக்கும். மாநிலக் கல்வி வாரியம் ஒப்புதல் கொடுத்த புத்தகம், பள்ளியே பிள்ளையின் கையில் கொடுத்த புத்தகம். எந்தப் பெற்றோர் அதைச் சந்தேகப்படுவார்?

விஷயம் பத்திரிகைக்குப் போனது. நூலாசிரியர் வரலாற்றாய்வில் பயிற்சி பெற்றவர் அல்ல. அந்தத் தகவலை இணையத்தில் எடுத்ததாக அவரே சொன்னார். எடுத்த இடத்தைத் தேடிப் போனால், தெற்குப் படைவீரர்களின் வழித்தோன்றல்கள் நடத்தும் ஓர் அமைப்பில் போய் நின்றது.

ஒரு வரிக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றலாம். அந்த வரி என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் புரியும். அடிமைகளே ஆயிரக்கணக்கில் விரும்பி வந்து தெற்குக்காகப் போரிட்டார்கள் என்றால், தெற்கு அடிமைமுறையைக் காப்பாற்றப் போரிட்டிருக்க முடியாது என்றுதான் பத்து வயதுப் பிள்ளை நினைக்கும். ஒரே வரியில் போரின் காரணம் மாறிப்போகிறது. அதனால்தான் இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டேன். வரலாறு சொல்லிக்கொடுக்கிற எவருக்கும் இதில் பாடம் இருக்கிறது.

தேதிகள் சொல்வது

அந்த வரியை உடைக்கப் பேராசிரியர் பட்டம் தேவையில்லை. மூன்று தேதிகள் தெரிந்தால் போதும்.

ஸ்டோன்வால் ஜாக்சன் 1863 மே 2 இரவு, இருட்டில் ஆள் தெரியாமல் தன் சொந்தப் படையினரே சுட்டதில் காயம்பட்டார். மே 10 அன்று இறந்தார். கருப்பினத்தவரைப் படைவீரர்களாகச் சேர்க்க, பிரிந்துபோன மாநிலங்கள் அமைத்த தென்மாநிலக் கூட்டமைப்பின் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதோ 1865 மார்ச் 13 அன்று. ஜாக்சன் இறந்து அதற்குள் ஒரு வருடமும் பத்து மாதமும் ஆகிவிட்டது. அந்தச் சட்டம் வந்த 27-ஆம் நாள், ஏப்ரல் 9 அன்று, தெற்கின் தலைமைத் தளபதி ராபர்ட் லீ இதே வர்ஜீனியாவில் ஆப்பமாட்டக்ஸ் என்ற ஊரில் சரணடைந்தார். ஜாக்சனிடம் இரண்டு கருப்பினப் பட்டாலியன்கள் எங்கிருந்து வந்திருக்கும்?

தோல்வி கண்ணுக்கு எதிரே வந்து நின்ற கடைசி மாதங்களில்கூட அந்தச் சட்டத்துக்குத் தெற்கில் கடும் எதிர்ப்பு இருந்தது. ஜார்ஜியாவைச் சேர்ந்த தளபதி ஹவல் காப் 1865 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் ஒரு வாக்கியம் வருகிறது: அடிமைகள் நல்ல போர்வீரர்களாக இருப்பார்கள் என்றால், அடிமைமுறை பற்றிய நம் கொள்கை முழுவதுமே தவறு. கருப்பினத்தவர் படையில் சேர்வதைத் தெற்கின் தலைவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கருப்பின மக்கள் தெற்குப் படையோடு இருந்தது உண்மைதான். சமைத்தார்கள், வண்டி ஓட்டினார்கள், அரண் கட்ட மண் சுமந்தார்கள், எஜமானர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். போக மறுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. அதைப் "போரிட்டார்கள்" என்று எழுதுவது அவர்களுக்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

கருப்பினப் பட்டாலியன்கள் வர்ஜீனியா மண்ணில் போரிட்டதும் உண்மைதான், ஆனால் எதிர் அணியில். ஒன்றியப் படையில், அதாவது வடக்கின் படையில், சுமார் 1,79,000 கருப்பின வீரர்கள் சேர்ந்தார்கள். 1864 செப்டம்பர் 29 அன்று ரிச்மண்டுக்குப் பக்கத்தில் நியூ மார்க்கெட் ஹைட்ஸ் என்ற இடத்தில் நடந்த சண்டைக்காக அவர்களில் 14 பேர் நாட்டின் மிக உயர்ந்த வீர விருதைப் பெற்றார்கள். 1865 ஏப்ரல் 3 அன்று, தெற்கின் தலைநகரமாக இருந்த ரிச்மண்டுக்குள் நுழைந்த முதல் படைகளில் கருப்பினப் படைப்பிரிவுகளும் இருந்தன. இப்படிப்பட்ட கதை சொந்த மாநிலத்திலேயே இருக்கும்போது, இல்லாத பட்டாலியன்களைத் தேடிப் பிடித்துப் பாடநூலில் வைத்திருக்கிறார்கள். எனக்கு இது வெறும் கவனப்பிசகாகத் தெரியவில்லை. அந்த வரி வந்து விழுவதற்கு ஏற்ற மண் அங்கே நூறு வருடமாகப் பண்படுத்தப்பட்டிருந்தது.

யார் பண்படுத்தினார்கள்

போரில் தோற்ற தெற்கு, போரின் கதையைச் சொல்வதில் நெடுங்காலம் வென்றது. அந்த வெற்றி பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில்தான் கிடைத்தது.

தெற்குப் படைவீரர்களின் மகள்களும் பேத்திகளும் 1894-ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். நினைவுச்சிலைகள் எழுப்பியது இந்தச் சங்கத்தின் வெளியே தெரிந்த வேலை. அதைவிட ஆழமாகப் போன வேலை, பாடநூல்களைக் கண்காணித்தது. சங்கத்தின் வரலாற்றுப் பொறுப்பில் இருந்த ஜார்ஜியாக்காரரான மில்ட்ரெட் ரதர்ஃபோர்டு, பள்ளி நூல்களையும் நூலகங்களில் உள்ள நூல்களையும் சோதிக்க ஒரு சிறு கையேடு எழுதினார். அதற்கு அளவுகோல் என்றே பெயர் வைத்தார். அடிமைகளைத் தக்கவைத்துக்கொள்ளவே தெற்கு போரிட்டது என்று சொல்லும் நூலை நிராகரியுங்கள். அடிமை எஜமானரைக் கொடியவர் என்று சொல்லும் நூலை நிராகரியுங்கள். ஏற்கெனவே நூலகத்தில் இருந்தால் அதன்மேல் "தெற்குக்கு அநீதி இழைப்பது" என்று எழுதிவையுங்கள். இவைதான் அதில் இருந்த கட்டளைகள். முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில் வந்த இந்தக் கையேட்டைத் தெற்குப் படைவீரர் சங்கங்களும் ஏற்றுக்கொண்டன. பதிப்பாளருக்கு வியாபாரம் முக்கியம். தெற்கே விற்காத புத்தகத்தை அவர் ஏன் அச்சிடுவார்?

வர்ஜீனியா இதிலிருந்து இன்னும் ஒரு படி மேலே போனது. 1950-ல் மாநிலச் சட்டமன்றமே ஒரு பாடநூல் ஆணையத்தை அமைத்தது. அந்த ஆணையத்தின் மேற்பார்வையில் மூன்று வகுப்புகளுக்கான வரலாற்று நூல்கள் எழுதப்பட்டு 1950-களின் பிற்பகுதியில் பள்ளிகளுக்கு வந்தன. ஏழாம் வகுப்பு நூலில் ஒரு படம் இருக்கிறது. கப்பல் தளத்தில் ஒரு கருப்பினக் குடும்பம் நன்றாக உடுத்திக்கொண்டு நிற்கிறது. குடும்பத் தலைவர் வெள்ளைக்காரர் ஒருவரோடு கைகுலுக்குகிறார். அடிமைகள் வர்ஜீனியாவுக்கு வந்து சேர்ந்த காட்சியாம் அது. எஜமானர்களுக்கும் அடிமைகளுக்கும் நடுவே பாசம் நிலவியது, வாழ்க்கை பொதுவாக மகிழ்ச்சியாகவே இருந்தது என்று பாடம் சொன்னது. சங்கிலி இல்லை, ஏலம் இல்லை, கப்பலின் அடித்தட்டும் இல்லை.

இந்தப் புத்தகங்கள் பள்ளிக்கு வந்த காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கருப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் தனித்தனிப் பள்ளிகளில் வைப்பது செல்லாது என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை நிறைவேற்ற மனமில்லாமல், வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டம் 1959-லிருந்து 1964 வரை தன் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் பூட்டியே வைத்தது. ஐந்து வருடம். வெள்ளையினப் பிள்ளைகளுக்கு உடனே தனியார் பள்ளி தொடங்கினார்கள். கருப்பினப் பிள்ளைகளில் பலருக்குப் பள்ளியே இல்லை. ஒரு பக்கம் பாடநூலில் பாசம், இன்னொரு பக்கம் பள்ளிக்கூடத்தில் பூட்டு. இந்த நூல்கள் 1970-கள் வரை பிள்ளைகளின் கைகளில் இருந்தன. அவற்றைப் படித்தவர்கள் வளர்ந்து பெற்றோரானார்கள், ஆசிரியரானார்கள், சட்டமன்றத்துக்கும் போனார்கள். 2010 ஏப்ரலில் வர்ஜீனியாவின் ஆளுநர் தென்மாநிலக் கூட்டமைப்பின் வரலாற்று மாதம் என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அதில் அடிமைமுறை பற்றி ஒரு சொல்கூட இல்லை. கண்டனம் எழுந்த பிறகு மன்னிப்புக் கேட்டு அதைச் சேர்த்தார். ஷெரிஃப் தன் மகளின் புத்தகத்தைத் திறந்தது அதே வருடம்தான்.

ஒரு கேள்வி அல்ல, மூன்று

நம் ஊரில் வரலாறு படித்த எல்லோருக்கும் தெரிந்த வினா ஒன்று உண்டு: "அமெரிக்க உள்நாட்டுப் போருக்கான காரணங்கள் ஐந்தினை எழுதுக." அடிமைமுறை, மாநில உரிமை, சுங்கவரி, தொழில் வடக்குக்கும் வேளாண் தெற்குக்கும் இடையிலான வேறுபாடு, லிங்கன் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஐந்தும் ஒரே எடை, காரணத்துக்கு ஒரு மதிப்பெண். யாரும் கெட்ட எண்ணத்தோடு இப்படிக் கேட்பதில்லை. ஆனால் பட்டியல் வடிவமே ஒரு பொய்யைச் சொல்லிவிடுகிறது. அடிமைமுறை ஐந்தில் ஒன்றாகச் சுருங்கிப்போகிறது. ரதர்ஃபோர்டு அம்மையாருக்கு இந்த விடைத்தாளில் பெரிய ஆட்சேபம் இருந்திருக்காது.

அமெரிக்காவிலும் நிலைமை பெரிதாக மேம்பட்டுவிடவில்லை. சதர்ன் பாவர்ட்டி லா சென்டர் என்ற அமைப்பு 12-ஆம் வகுப்பு மாணவர்கள் ஆயிரம் பேரிடம் எடுத்த கணக்கெடுப்பை 2018-ல் வெளியிட்டது. போருக்கு அடிமைமுறையே மையக் காரணம் என்று சரியாகச் சொன்னவர்கள் 8 சதவீதம்.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்று யோசித்தால், மூன்று கேள்விகளை ஒன்றாக்கிக் கேட்பதில்தான். தெற்கு ஏன் பிரிந்தது? வடக்கு ஏன் போரிட்டது? அந்தப் போர் எப்படி அடிமைமுறையை ஒழித்த போரானது? மூன்றுக்கும் விடை வேறு. பிரித்துக் கேட்டால் பிள்ளைகளே விடையைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதல் கேள்விக்கு, பிரிந்தவர்கள் அப்போது என்ன எழுதினார்கள் என்று படிக்கக் கொடுத்தாலே போதும். நாங்கள் அடிமைமுறையோடு பின்னிப்பிணைந்தவர்கள், உலகின் மிகப்பெரிய பொருளாதார நலன் அது என்று மிசிசிப்பி மாநிலம் தன் பிரிவினை அறிக்கையின் தொடக்கத்திலேயே சொல்கிறது. தெற்கின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ் 1861 மார்ச் 21 அன்று சவானா நகரில் பேசும்போது, கருப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்ற "பேருண்மை"தான் எங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்றார். அடிமைகள்மீதான சொத்துரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டமும் இயற்றக்கூடாது என்று தெற்கின் அரசியலமைப்பே தடை போட்டது.

மாநில உரிமைக்காகத்தான் போர் என்று யாராவது எழுந்து கேட்டால், கேட்கட்டும். நல்ல கேள்விதான். 1850-ன் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தை அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள். தப்பி வந்தவரைப் பிடித்துக்கொடுக்க வடமாநில மக்களை மத்திய அரசு கட்டாயப்படுத்திய சட்டம் அது. வழக்கை விசாரிக்கும் அதிகாரிக்குப் பிடிபட்டவரை எஜமானரிடம் அனுப்பினால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். இந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கியது தெற்கு. வடமாநிலங்கள் தங்கள் மாநிலச் சட்டங்களால் இதைத் தடுக்கப் பார்த்தபோது கொதித்ததும் தெற்கு. அப்போது மாநில உரிமை எங்கே போனது என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

வர்ஜீனியாவில் இந்த வாதம் கொஞ்சம் நுட்பமானது. ஆசிரியர் அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். லிங்கன் ஜெயித்தவுடன் வர்ஜீனியா பிரிந்துவிடவில்லை. பிரிவதா வேண்டாமா என்று தீர்மானிக்கக் கூட்டப்பட்ட அதன் மாநாடு, 1861 ஏப்ரல் 4 அன்று பிரிவினைத் தீர்மானத்தைத் தோற்கடித்தது. ஒன்றியப் படை வைத்திருந்த சம்டர் கோட்டை தெற்கால் தாக்கப்பட்டு, லிங்கன் 75,000 படைவீரர்களைக் கேட்ட பிறகே, ஏப்ரல் 17 அன்று 88-க்கு 55 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. சகோதர மாநிலங்களின்மேல் படையெடுக்கமாட்டோம் என்றுதான் வர்ஜீனியா பிரிந்தது, அடிமைமுறைக்காக அல்ல என்பார்கள்.

அப்படியானால் அந்த மாநாட்டில் மாதக்கணக்காக எதைப் பேசினார்கள்? பிப்ரவரியில் ஜார்ஜியாவின் தூதராக வந்த ஹென்றி பென்னிங் மேடையேறிப் பேசினார். எங்கள் மாநிலம் பிரிந்ததற்கான காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம் என்றார். வடக்கிலிருந்து பிரிந்தால் மட்டுமே அடிமைமுறை ஒழிக்கப்படாமல் காக்க முடியும் என்ற ஆழ்ந்த நம்பிக்கைதான் அது என்றார். வர்ஜீனியாவையும் அதே காரணத்தைச் சொல்லித்தான் கூப்பிட்டார். வர்ஜீனியாவின் பிரிவினைச் சட்டமும் மத்திய அரசு "தென்னக அடிமையுடைமை மாநிலங்களை" ஒடுக்குவதாகவே குற்றம் சாட்டுகிறது. கடைசியாக வரைபடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அடிமைகள் மிகக் குறைவாக இருந்த வடமேற்கு மலைப்பகுதி இந்தப் பிரிவினைக்கு உடன்படாமல் தனியே போய் 1863-ல் மேற்கு வர்ஜீனியா என்ற மாநிலமானது. இந்த வரைபடத்தை நான் பெரிதும் நம்புகிறேன். பத்து நிமிடச் சொற்பொழிவு செய்யாத வேலையை அது செய்துவிடும்.

இரண்டாவது கேள்விக்கான விடை பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருக்கும். இருக்கட்டும். வடக்கு முதலில் போரிட்டது நாட்டைப் பிளவுபடாமல் காக்கத்தான். எந்த அடிமையையும் விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காப்பாற்ற முடிந்தால் அப்படியே செய்வேன் என்று லிங்கன் 1862 ஆகஸ்டில் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். பிரிந்த மாநிலங்களின் அடிமைகளுக்கு விடுதலை அறிவித்த 1863 ஜனவரி 1-ன் விடுதலைப் பிரகடனமும் ஒன்றியத்தோடு நின்ற கென்டக்கி, மேரிலாந்து போன்ற அடிமை மாநிலங்களைத் தொடவில்லை. லிங்கனைத் தெய்வமாக்கிப் பாடம் நடத்தினால், பின்னாளில் இந்தக் கடிதத்தைப் படிக்கும் மாணவன் சொன்னது எல்லாமே பொய் என்று நினைத்துவிடுவான்.

அடிமை என்ற சொல்

தமிழில் இந்தப் பாடத்தைச் சொல்லும்போது இன்னொரு தொல்லை உண்டு. குடிக்கு அடிமை, கைப்பேசிக்கு அடிமை, அன்புக்கு அடிமை என்று அந்தச் சொல்லை நாம் தேய்த்துவிட்டோம். கடினமாக வேலை வாங்கப்பட்டவர் என்ற அளவில்தான் மாணவர் மனதில் அது விழுகிறது. சட்டத்தைக் காட்டினால்தான் பொருள் புரியும். வர்ஜீனியா 1662-ல் ஒரு சட்டம் போட்டது. பிள்ளை சுதந்திரமானதா அடிமையா என்பதைத் தாயின் நிலைதான் தீர்மானிக்கும். அடிமைப் பெண்ணுக்கு எஜமானனே தகப்பனாக இருந்தாலும் அந்தப் பிள்ளை அவனுக்கே சொத்து. இந்தச் சட்டத்தைப் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவது இயல்புதான். நிதானமாக, விவரிக்காமல், சட்டத்தை மட்டும் சொல்லலாம். மீதியை அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

1860-ன் கணக்கெடுப்பில் அமெரிக்காவின் மக்கள்தொகை சுமார் 3.14 கோடி. அதில் அடிமைகள் ஏறத்தாழ 40 லட்சம். வேறெந்த மாநிலத்தையும்விட வர்ஜீனியாவில்தான் அதிகம், 4,90,865 பேர். இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதுவதைவிட, அந்தக் கணக்கெடுப்பின் தாள் ஒன்றின் நகலைக் காட்டுவது நல்லது. அடிமைகளுக்கென்று தனித் தாள் வைத்திருந்தார்கள். எஜமானரின் பெயர் இருக்கும். அதன் கீழே வரிசையாக வயது, ஆணா பெண்ணா, நிறம். அநேகமாக எந்தத் தாளிலும் அவர்களுடைய பெயர் இருக்காது. போருக்குப் பிறகு 1870-ல் எடுத்த கணக்கெடுப்பில்தான் அவர்கள் பெயரோடு வருகிறார்கள். தங்கள் முன்னோரைத் தேடும் கருப்பினக் குடும்பங்கள் பல இன்றும் 1870 வரைதான் போக முடிகிறது, அதற்கு அந்தப் பக்கம் சுவர்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அடிமைமுறையை "உணர வைக்கிறேன்" என்று வகுப்பிலேயே ஏலம் நடத்துவது, பிள்ளைகளை எஜமானராகவும் அடிமையாகவும் நடிக்க வைப்பது போன்றவை அமெரிக்கப் பள்ளிகளில் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. செய்யவே கூடாது. வகுப்பில் இருக்கும் கருப்பினப் பிள்ளையை அது அவமானப்படுத்துகிறது, மற்றவர்களுக்கு அது விளையாட்டாகிவிடுகிறது. விற்கப்பட்டவர்கள் தாங்களே சொன்ன வாக்குமூலங்கள் இருக்கின்றன. 1930-களின் பிற்பகுதியில் அரசே ஆட்களை அனுப்பி, அப்போது உயிரோடிருந்த முன்னாள் அடிமைகளில் 2,300-க்கும் மேற்பட்டவர்களின் நினைவுகளைப் பதிவு செய்தது. அதில் ஒரு பக்கத்தை உரக்கப் படித்தால் நடிப்பு எதற்கு?

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. புனேயில் ஜோதிராவ் பூலே 1873-ல் எழுதிய நூலுக்கு அடிமைத்தனம் என்றே பெயர் வைத்து, கருப்பின அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். அங்கே ஒழிந்ததைப் பார்த்து, இங்கே சாதியில் நசுங்கியவர்களுக்கும் விடிவு வரும் என்று எதிர்பார்த்தார். அமெரிக்காவில் போர் முடிந்து எட்டே வருடத்தில் அதை இப்படிப் படித்த ஒருவர் இந்தியாவில் இருந்திருக்கிறார்.

மன்ரோ கோட்டை

மூன்றாவது கேள்விக்கு வருவோம். நாட்டைக் காக்கத் தொடங்கிய போர் எப்படி அடிமைமுறையை ஒழித்தது? பாடநூல்கள் பெரும்பாலும் லிங்கனின் பேனாவைக் காட்டி நிறுத்திக்கொள்கின்றன. எனக்கு இந்தப் பாடம் முழுவதிலும் மிக முக்கியமான நாள், 1861 மே 23.

அன்று பகலில் வர்ஜீனியாவின் வாக்காளர்கள் பிரிவினைக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். வாக்காளர்கள் என்றால் வெள்ளையின ஆண்கள். அன்று இரவு ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்டு மல்லோரி, ஜேம்ஸ் டவுன்செண்டு என்ற மூன்று அடிமைகள் ஒரு சிறு படகில் ஏறி, கடல் முகத்தைக் கடந்து, ஒன்றியப் படை பிடித்து வைத்திருந்த மன்ரோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். சார்லஸ் மல்லோரி என்ற கர்னல் அவர்களைத் தெற்குப் படைக்குப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் விட்டிருந்தார். இன்னும் தெற்கே, குடும்பத்தைவிட்டு வெகுதூரம் அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்ததும் துணிந்துவிட்டார்கள். கோட்டையில் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. சட்டப்படி ஒன்றியப் படை அவர்களைத் திருப்பி ஒப்படைத்தாக வேண்டும். ஒப்படைத்தால் என்ன தண்டனை கிடைக்கும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

கோட்டையின் தளபதி பெஞ்சமின் பட்லர், தொழிலால் வழக்கறிஞர். பொறுப்பேற்று ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. மறுநாள் வெள்ளைக்கொடியோடு கர்னலின் ஆள் வந்தார். தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி மூவரையும் திருப்பிக் கொடுங்கள் என்றார். பட்லரின் பதில் இது: நீங்கள்தான் தனி நாடு என்கிறீர்களே, வேற்று நாட்டுக்கு எங்கள் சட்டம் எப்படிச் செல்லும்? கர்னல் வந்து ஒன்றியத்துக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கட்டும், தருகிறேன். அதுவரை எதிரியின் போர்வேலைக்குப் பயன்பட்ட பொருள் என்று இவர்களை நான் கைப்பற்றிக்கொள்கிறேன்.

பொருள். மனிதர்களைப் பொருள் என்று சொல்லித்தான் காப்பாற்ற முடிந்தது. அந்தச் சொல் வகுப்பில் உறுத்த வேண்டும். அதை மெழுகிப் பூச வேண்டாம்.

செய்தி பரவியது. அடுத்த சில நாட்களில் பத்துப் பேராக, பிறகு குடும்பம் குடும்பமாக, கைக்குழந்தையோடும் கிழவர்களோடும் கோட்டையை நோக்கி வந்தார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றம் பட்லரின் ஏற்பாட்டையே சட்டமாக்கியது. போர் முடிவதற்குள் தெற்கு முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் இப்படி எஜமானர்களை விட்டுவிட்டு ஒன்றியப் படையின் பக்கம் வந்துவிட்டார்கள். அவர்களை என்ன செய்வது என்ற கேள்வியை வாஷிங்டன் தட்டிக்கழிக்க முடியவில்லை. பிரகடனத்துக்கும், கருப்பினத்தவரைப் படையில் சேர்த்ததற்கும், அடிமைமுறையை ஒழித்து 1865 டிசம்பரில் நிறைவேறிய 13-ஆம் சட்டத்திருத்தத்துக்கும் போகும் வழி அந்தப் படகிலிருந்து தொடங்குகிறது.

கோட்டை நிற்கும் இடத்தின் பழைய பெயர் பாயின்ட் கம்ஃபர்ட். 1619 ஆகஸ்டில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட இருபது சொச்சம் பேரை முதன்முதலாக வர்ஜீனியாவில் இறக்கியதும் அங்கேதான். வகுப்பில் வரைபடத்தை விரித்து அந்த இடத்தைப் பிள்ளைகளையே தொடச் சொல்லலாம்.

கோட்டைக்குப் பக்கத்து ஊரான ஹாம்ப்டனில் மேரி பீக் என்ற ஆசிரியை இருந்தார். பிறப்பால் அடிமை அல்ல, சுதந்திரமான கருப்பினப் பெண். கருப்பினத்தவர் எழுதப் படிக்கக் கூடுவதை 1831-லேயே வர்ஜீனியா சட்டவிரோதமாக்கியிருந்தது. நார்ஃபோக் நகரில் சுதந்திரமான கருப்பினக் குழந்தைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்ததற்காக மார்கரெட் டக்ளஸ் என்ற வெள்ளைக்காரப் பெண் 1854-ல் ஒரு மாதம் சிறையில் இருந்தார். பீக் பல வருடம் மறைவாகச் சொல்லிக்கொடுத்தார். 1861 செப்டம்பரில், கோட்டையை நம்பி வந்தவர்களின் பிள்ளைகளை ஓர் ஓக் மரத்தடியில் உட்கார வைத்து, யாருக்கும் அஞ்சாமல் பகிரங்கமாகப் பாடம் தொடங்கினார். ஐந்து மாதத்தில், 1862 பிப்ரவரியில், காசநோயில் இறந்துபோனார். அந்த மரம் ஹாம்ப்டன் பல்கலைக்கழக வளாகத்தில் இன்றும் படர்ந்து நிற்கிறது.

புத்தகம் என்ன ஆனது

பாடநூல் விவகாரத்தில் வர்ஜீனியா பிறகு சரியாகவே நடந்துகொண்டது. வரலாற்று அறிஞர்களை வைத்துப் புத்தகத்தையும் அதே ஆசிரியர் எழுதிய இன்னொரு நூலையும் வரி வரியாகப் பார்க்கச் சொன்னார்கள். பிழைகள் மலிந்து கிடந்தன. தென்மாநிலக் கூட்டமைப்பில் 11 மாநிலங்கள், நூல் 12 என்றது. அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது 1917-ல், நூல் 1916 என்றது. 2011-ல் ஒப்புதல் திரும்பப் பெறப்பட்டது. துறை வல்லுநர்கள் சரிபார்த்தார்கள் என்று பதிப்பாளர் உறுதி கொடுத்தால்தான் இனி ஒப்புதல் என்று விதியையும் மாற்றினார்கள்.

பிழையான எண்களைத் திருத்துவது எளிது. 12 என்பதை 11 ஆக்கினால் முடிந்தது. பட்டாலியன் வரியை நீக்கிய பிறகும் அந்த இடத்தில் யாரைப் பற்றிச் சொல்வது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. நியூ மார்க்கெட் ஹைட்ஸில் நின்றவர்களையும், படகில் வந்த மூவரையும், மரத்தடி ஆசிரியையையும் அங்கே கொண்டுவந்து வைத்தால்தான் திருத்தம் முழுமையாகும் என்பது என் கருத்து.

வினாத்தாளையும் மாற்ற வேண்டும். காரணங்கள் ஐந்தினை எழுதச் சொல்லும் வினாவை எடுத்துவிட்டு, நான் இப்படிக் கேட்பேன். பென்னிங் மாநாட்டில் பேசியதையும் லிங்கன் 1862-ல் எழுதிய கடிதத்தின் வரியையும் அப்படியே அச்சிட்டுவிட்டு: "அ) தெற்கு ஏன் பிரிந்தது என்பதை முதல் பகுதியிலிருந்து விளக்குக. ஆ) இரண்டாவது பகுதியில் பேசும் லிங்கன், நான்கே மாதத்தில் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். இடையில் அவரை அந்த இடத்துக்குத் தள்ளியவர்கள் யார் யார்?" ஐந்து மதிப்பெண்ணில் அ-வுக்கு இரண்டு, ஆ-வுக்கு மூன்று. ஆ-வுக்கு எழுதும் விடையில் அந்த மூவரின் பெயரும் இருக்க வேண்டும்.